அப்பா எழுதிக்கொடுத்த பிறந்த ஊர்

2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். ஐந்து குடம் தண்ணீர் பிடித்து வைத்தேன். இட்லியும் தக்காளிச் சட்னியும் செய்தேன். வழக்கமாக 7.40க்குச் சிவகாசி போகும் கம்பெனி வேனில் ஏறுவேன். அன்று ஏறவில்லை. அம்மாவுடன் சாத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது.

நாங்கள் இருப்பது இலங்கை அகதிகள் முகாம். நான் காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தினசரி காலண்டரின் தேதித்தாள்கள் விடுபடாமல், வரிசை மாறாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கட்டாகப் பார்ப்பது என் வேலை. சீசன் நேரத்தில் லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். பக்கத்து மேசைக்காரிதான் என் கட்டுகளையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, “ஊருக்கெல்லாம் தேதி பாக்குறவ, உன் பொறந்த தேதியத் தொலைச்சுட்டியாக்கும்” என்று சிரித்தாள்.

அவள் சொன்னது உண்மை. என் அகதி அட்டையில் பிறந்த ஊர் மன்னார் என்றிருக்கும். தேதியும் மூன்று மாதம் முந்தியது. இரண்டும் அப்பா சொல்லி எழுதியவை. படகில் வந்தபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். நான் பிறந்த மூன்றாம் மாதம் முகாமில் புதிதாகப் பட்டியல் எடுத்தார்கள். அடுத்த வருடமே ஊர் திரும்பிவிடுவோம் என்று அப்பா நம்பினார். இந்தியாவில் பிறந்தவள் என்று எழுதினால் அங்கே என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்தார். அதனால் என்னைக் கடலுக்கு அந்தப் பக்கமே பிறந்தவளாக்கிவிட்டார். நாங்கள் திரும்பவே இல்லை. அவர் இறந்து ஆறு வருடமாகிறது.

போன வருடம் முகாமுக்கு வந்த ஒரு வக்கீல் சட்டத்தை விளக்கினார். 1987 ஜூலை ஒன்றாம் தேதிக்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டபோதுதான் நான் பிறந்தது சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் என்பது தெரிந்தது. தேர்தலுக்கு மறுநாள் கம்பெனியில் எல்லாரும் மை வைத்த விரலோடு வேலை பார்ப்பார்கள். நாற்பது வயதாகியும் என் விரல் வெறுமையாகவே இருக்கும். அம்மா உண்மையைச் சொன்ன அன்று இரவு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை இந்தியக் குடிமகளாக ஏற்கக் கேட்டு மனு போட்டேன். அட்டையில் மன்னார் என்றிருக்கிறதே என்று கேட்டு, அம்மாவை விசாரணைக்கு அழைத்தார்கள். அம்மா வர மறுத்துவிட்டாள். செத்த மனிதரைப் பொய்யர் என்று ஆபீசில் சொல்ல மாட்டேன் என்றாள். இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. மூன்றாம் முறை, வருவதாக மட்டும் சொன்னாள். பேசுவதாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் சாத்தூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

11.20க்குக் கூப்பிட்டார்கள். தாசில்தார் ஒரு பெண். அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, “பிள்ளை எங்கன பிறந்துச்சு? பயப்படாமச் சொல்லுங்க” என்றார். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மா சொன்னாள்: “இவள் இஞ்ச சாத்தூர் ஆஸ்பத்திரியிலதான் பிறந்தவள். அவர் மன்னார் எண்டு எழுதினது ஒருத்தரையும் ஏமாத்த இல்லை. இவளுக்கு ஒரு நாடு இருக்கவேணும் எண்டுதான் எழுதினவர். இப்ப நானும் அதைத்தான் கேட்கிறன்.”

தாசில்தார் எழுதுவதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். தேதி நினைவிருக்கிறதா என்று கேட்டார். அம்மாவுக்குத் தேதி தெரியவில்லை. அன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளித் திருவிழா என்றும், ரோடெல்லாம் கோயிலுக்குப் போகும் வண்டிகள் என்றும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே பெரும்பாடானது என்றும் சொன்னாள். நான் பையிலிருந்த காகிதத்தில் கணக்குப் போட்டேன். 1985இல் ஆடிக் கடைசி வெள்ளி ஆகஸ்ட் 16.

தாசில்தார் அந்தத் தேதியை எழுதி எங்களைப் பிறப்புப் பதிவு ஆபீசுக்கு அனுப்பினார். அங்கிருந்த குமாஸ்தா பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து வர மதியம் 2.45 ஆனது. ஆகஸ்ட் 16க்கு நேரே ஏழு வரிகள் இருந்தன. ஐந்தாவது வரியில் அம்மா பெயர், அப்பா பெயர், பெண் குழந்தை. குழந்தையின் பெயர் எழுதும் இடம் காலி. குமாஸ்தா அம்மாவிடம், “நாப்பது வருசமாப் பிள்ளைக்குப் பேரு யோசிச்சுக்கிட்டா இருக்கீக?” என்றார். அன்றைக்கு அம்மா முதல்முறையாகச் சிரித்தாள்.

வேலை முடிந்துவிடவில்லை. பதிவேட்டில் என் பெயரைச் சேர்க்க மனுக் கொடுக்க வேண்டும். தாசில்தாரின் அறிக்கை விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். அதற்கு மேலும் போகலாம், மாதக்கணக்கில் ஆகலாம் என்று தாசில்தார் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அந்த ஐந்தாவது வரியை இனி யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

மறுநாள் காலை 4.50க்கு எழுந்ததும், தண்ணீர் பிடிக்கப் போவதற்கு முன்பாக, பெயர் சேர்க்கும் மனுவை எழுத உட்கார்ந்தேன். அம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அப்பாவின் பெயரைச் சுருக்கக்கூடாது, முழுதாக எழுத வேண்டும் என்றாள். முதலில் அதை எழுதினேன்.