ரதி வேலாயியின் பொட்டு

பதுளைக்கு ரயில் வந்த வருஷம் வேலாயி செத்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு, கை நிறையக் கண்ணாடி வளையல், சிவப்புச் சேலை. சுமங்கலியை எடுப்பது போலத்தான் எடுத்தார்கள். அவள் புருஷன் அழகையா மண்ணுக்குள் போய் அப்போது பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். வழியில் எதிரே வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "இது என்னய்யா கூத்து?" என்றாராம். "ஆமாங்க, கூத்துதான்" என்று சொல்லிவிட்டு நம் ஆட்கள் நடையைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கூத்தைத்தான் சொல்லப்போகிறேன். பாதி என் அம்மா சொன்னது. அவள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வேலாயிக்கு அடுத்த காம்பரா அறையில் குடியிருந்தவள். மீதி லயத்தில் நாலு பேர் சொன்னது. நடுநடுவே கோபம் வந்தால் அது மட்டும் என்னுடையது.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே, மானாப்புல் காட்டை ஒட்டி இருந்தது கல்லுமலைத் தேயிலைத் தோட்டம். தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை ஒருவன் இருந்தான். ஆனால் லயத்துக்குத் துரை பெரிய கங்காணி பழனியாண்டிதான். கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் பிரம்பு. விடிந்தும் விடியாமல் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பார். அந்த நேரத்தில் தாலியறுத்த பெண்கள் அவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது. அவர்களுக்கென்று கடைசி வரிசையை ஒதுக்கி வைத்திருந்தார். "காலங்காத்தால முண்டச்சி மொகத்துல முழிச்சா நாள் வெளங்குமா?" என்பார். அந்த வரிசை பறித்து வந்து கொட்டும் கொழுந்துக்கு மட்டும் சகுனத்தடை கிடையாது. அது நன்றாகவே விளங்கியது.

மாசி பிறந்தால் தோட்டத்தில் காமன் கூத்து. மூன்றாம் பிறை அன்று கரும்பும் ஆமணக்கும் சேர்த்து மானாப்புல் பிரி சுற்றிக் காமன் கம்பம் நடுவார்கள். ஆணும் பெண்ணும் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். பௌர்ணமி வரைக்கும் தப்புச் சத்தமும் ஆட்டமும்தான். முதலில் ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம். அப்புறம் சிவன் தவத்தை மன்மதன் கலைக்க, சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, கம்பம் எரியும். ரதி அழுது புரள்வாள். மூன்றாம் நாள் விடியலில் சிவன் மனமிரங்கிக் காமனை எழுப்பிக் கொடுப்பார். அதன்பிறகுதான் எல்லாரும் காப்பை அவிழ்ப்பார்கள். கம்பம் எரிந்ததிலிருந்து காமன் எழும்பும்வரை காப்புக் கையோடு யாரும் மலையில் வேலைக்குக் கால் வைக்கமாட்டார்கள்.

சிவன் வேஷம் பழனியாண்டிக் கங்காணிக்கு. பெரிய மனுஷனுக்குப் பெரிய சாமி. ரதி வேஷம் அழகையாவுக்கு. பெண்கள் வேஷம் கட்டுகிற வழக்கம் இல்லை. மாசி வந்ததும் அழகையா மீசையை எடுத்துவிடுவான். வேலாயிதான் அவனுக்குச் சேலை கட்டிவிடுவாள், சவுரி முடித்துவிடுவாள், "இடுப்ப ஆட்டாதய்யா, ரதி என்ன கொழுந்தா கொட்டுறா" என்று திட்டிச் சரிசெய்வாள். பிள்ளை வரம் கேட்டு மூன்று மாசிக்கு ரதி கட்டுவதாக அவன் நேர்ந்திருந்தான். இரண்டு முடிந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போனவன் மேல் கரை சரிந்து விழுந்தது. தோண்டி எடுத்தபோது மூச்சில்லை.

பதினாறாம் நாள் வளையலை உடைத்தார்கள், கயிற்றை அறுத்தார்கள். அதைக்கூட வேலாயி பொறுத்துக்கொண்டாள். தைப்பொங்கலன்று லயத்து வாசலில் பெண்கள் கும்மி கொட்டினார்கள். அவளும் போய் நின்றாள். தோட்டத்தில் கும்மிக்கு முதல் பாட்டு எடுக்கிறவளே அவள்தான். அவள் நின்றதும் கும்மி நின்றது. "கொஞ்சம் தள்ளி நில்லு வேலாயி" என்றாள் கங்காணி வீட்டம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

வேலாயி பின்னால் போனாள். அங்கே பெரியாயி இருந்தாள். சின்ன வயதிலேயே தாலியறுத்து, கடைசி வரிசையிலேயே தலை நரைத்தவள்.

"பழகிரும்டி" என்றாள் பெரியாயி.

"எனக்குப் பழக வேணாம்க்கா" என்றாள் வேலாயி.

மாசியில் வேஷப்பெட்டியை வாங்கி வரச் சொல்லிக் கங்காணி ஆள் அனுப்பினார். ரதியின் சேலை, சவுரி, சலங்கை எல்லாம் அழகையா வீட்டில் இருந்தன. வேலாயி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆள் திரும்பிப் போக, கங்காணியே வந்தார். பின்னால் பாதி லயம் வந்தது.

"பெட்டியக் குடு புள்ள. தம்பி மகன் இந்த வருஷம் ரதி கட்டுவான்."

"எங்க வீட்டு நேர்த்தி இன்னும் ஒரு மாசி பாக்கி இருக்குங்க. நான் கட்டுறேன்."

"பொம்பள வேஷம் கட்டுறதா? அதுவும் தாலியறுத்தவ? ஒனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா?"

"நேர்த்தி பாதியில நின்னா வீட்டுக்கு மட்டுமா ஆகாது? தோட்டத்துக்கே ஆகாது. போன வருசம் வந்த பேதி மறுபடி வந்தா யாரு ஜவாப் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

பேதி என்ற சொல்லைக் கேட்டதும் பின்னால் நின்ற பெரியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். போன வருஷம் எத்தனை குழி வெட்டினோம் என்பது யாருக்கும் மறக்கவில்லை. கங்காணி கூட்டத்தைப் பார்த்தார், பிரம்பைப் பார்த்தார்.

"சரி. கட்டு. ஆனா கம்பம் எரிஞ்சதும் தாலி, வளவி, பொட்டு எல்லாத்தையும் கழட்டிரணும். எல்லாரும் பாக்கக் கழட்டணும்."

"எரிஞ்சதும் கழட்டிர்றேங்க" என்றாள் வேலாயி. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். பின்னால் யாரும் அவளைச் சொல் தவறியவள் என்று சொல்லிவிடக்கூடாது, பாருங்கள்.

திருவிழாவுக்கு முன்னால் பதுளையிலிருந்து வளையல்காரி லரீபா கூடையோடு லயத்துக்கு வந்தாள். வேலாயி கையை நீட்டியதும் சுற்றியிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். லரீபா யாரையும் பார்க்கவில்லை. "கைய இறுக்காம வெச்சிக்கோ புள்ள" என்று சொல்லிச் சிவப்பும் பச்சையுமாக முழங்கை பாதிக்கு ஏற்றிவிட்டாள். "ரொம்ப தளர்வா போட்டா ஒடஞ்சிடும்" என்று ஒரு ஜோடி கூடுதலாகவும் போட்டாள்.

கல்யாணக் காட்சியில்தான் முதல் சிக்கல். மன்மதனாக வேஷம் கட்டியவன் பொன்னையா, அழகையாவின் சேக்காளி. மஞ்சள் கயிற்றை எடுத்தவன் அவள் கழுத்தருகே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டான். ஆம்பிளை ரதிக்குக் கட்டினால் விளையாட்டு, இவளுக்குக் கட்டினால் என்ன ஆவது? கூட்டத்திலிருந்து அவன் தாய், "கட்டாதடா, அடேய்!" என்று கத்தினாள்.

"மதினி, என்னால முடியல" என்றான் பொன்னையா.

"நீ ஏன் தம்பி பயப்படுற? காமன் அந்தா நட்டிருக்கு" என்றாள் வேலாயி. கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கினாள். கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணில் ஒற்றி, தானே கழுத்தில் கட்டிக்கொண்டாள். தப்பு அடித்தவர்கள் ஒரு கணம் அடியை விட்டுவிட்டுப் பிறகு பலமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பௌர்ணமியில் கம்பம் எரிந்தது. தேங்காய் நாரில் செய்த சடையும் சாக்கில் எழுதிய புலித்தோலுமாகச் சிவனார் நெற்றிக்கண்ணைத் திறந்து கம்பீரமாக நின்றார். ரதி வளையலைக் கழற்றினாள், பொட்டை அழித்தாள், கயிற்றை அவிழ்த்து நெருப்பருகே வைத்தாள். பிறகு பாட ஆரம்பித்தாள். அழகையா பாடிய பாட்டு இல்லை அது.

"கானு வெட்டப் போனவரே, என் காமதேவரே,
கரை சரிஞ்சு மூடையில யாரைக் கூப்பிட்டீரோ?
நனஞ்ச கரை சரியுமின்னு நாலு பேரு சொல்லையில
எறங்கு எறங்குன்னு அங்க யாரு சொன்னாரோ?"

யார் சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும். சிவன் வேஷத்தில் நின்றவருக்கும் தெரியும். கடைசி வரிசைப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அவர்கள் எல்லாரும் கூடி அழுதது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று அம்மா சொல்வாள்.

மூன்றாம் நாள் விடியலில் சாம்பலுக்குப் பால் தெளித்துக் காமனை எழுப்பினார்கள். வழக்கப்படி ரதி சிவன் காலில் விழுந்தாள். வழக்கப்படி சிவன் சொன்னார்: "பெண்ணே, உன் கணவனை எழுப்பித் தந்தோம். ஊரார் கண்ணுக்குத் தெரியமாட்டான், உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான். தீர்க்க சுமங்கலியாக இரு." வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய வசனம். மஞ்சள் கயிற்றையும் வளையலையும் குங்குமத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். வேலாயி கட்டிக்கொண்டாள், போட்டுக்கொண்டாள், வைத்துக்கொண்டாள். எழுந்திருக்குமுன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "நானும் மூணு மாசிக்கு ரதி கட்டுறேன் சாமி. இது என் நேர்த்தி." காமன் முன்னால் சொன்ன நேர்த்தியை மறுக்க யாராலும் ஆகாது.

காப்பை அவிழ்த்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார்கள். கங்காணி திருநீற்றைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். முன்வரிசையில் குங்குமமும் வளையலுமாக வேலாயி.

"என்னடி இது? கழட்டுறேன்னு சொன்னியே?"

"எரிஞ்சதும் கழட்டுனேனே, நீங்க பாத்தீங்கள்ல? திரும்பக் குடுத்தது நீங்கதான சாமி."

"அது கூத்துடி!"

"நேர்த்தின்னு சொன்னா பயப்படுறீங்க, வரம்னு சொன்னா மட்டும் கூத்தா? தீர்க்க சுமங்கலியா இருன்னு ஒங்க வாயாலதான சொன்னீங்க? என் புருசன் என் கண்ணுக்குத் தெரியுறாரு. ஒங்க கண்ணுக்குத் தெரியலன்னா அதுக்கு நான் என்னங்க பண்றது?"

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு. பழனியாண்டிக் கங்காணியின் பெரட்டில் ஆட்கள் சிரித்தது அன்றுதான்.

அந்தச் சிரிப்புக்கு அவர் வருஷம் முழுக்க வட்டி வாங்கினார். செங்குத்து மலை, அட்டை மொய்க்கிற மூலை, முள் நிறைந்த நிரை எல்லாம் வேலாயிக்கு. கூடை நிறைந்திருந்தாலும் கொழுந்து முற்றல் என்று தள்ளினார். அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பிரம்பால் காட்டுவார். வேலாயியும் சளைக்கவில்லை. தினமும் விடியுமுன் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு போய் அவர் கண்ணில் முதல் ஆளாகப் படுவாள். நாள் விளங்காமல் ஒன்றும் போகவில்லை. அதுதான் அவருக்கு ஆத்திரம்.

அடுத்த மாசி வந்தது. சிவன் வேஷத்தை வேறொருவனுக்கு விட்டால் தலைப்பாகை போன மாதிரி. அதனால் கங்காணி வேறு கணக்குப் போட்டார். கல்யாணம் ஆனது, கம்பம் எரிந்தது, ரதி எல்லாவற்றையும் கழற்றி வைத்தாள். மூன்றாம் நாள் விடியலில் பால் தெளித்தார்கள். ரதி காலில் விழுந்தாள். சிவன் வாயைத் திறக்கவில்லை. வரம் இல்லாமலே எழுந்து போய்விடுவது என்பதுதான் அவர் திட்டம். அறுத்த தாலி அறுத்ததாகவே இருக்கட்டும்.

வேலாயி நிமிர்ந்து பார்த்தாள். விஷயம் புரிந்தது. வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து புலம்பலைத் தொடங்கினாள். "கானு வெட்டப் போனவரே..."

ரதி அழுது முடிக்கும்வரை தப்பு நிற்கக்கூடாது. தப்புக்காரர்கள் நிறுத்தவில்லை. சிவன் வரம் சொல்லிக் காமன் எழும்பாமல் காப்பை அவிழ்க்க முடியாது. யாரும் அவிழ்க்கவில்லை. பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள். ஒருவரும் நகரவில்லை. கங்காணி எழுந்தார். "சாமி வரம் குடுக்காம எங்க போகுது?" என்று பொன்னையா குறுக்கே வந்து நின்றான். போன வருஷம் கயிறு கட்டப் பயந்த அதே பொன்னையா.

வெயில் ஏறியது. பாட்டில் புதுப் புது அடிகள் வந்து சேர்ந்தன. முற்றல் என்று தள்ளிய கொழுந்து வந்தது, அட்டை மூலை வந்தது, கொஞ்சம் தள்ளி நில்லு என்ற சொல்லும் வந்தது. கங்காணி வீட்டம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைசியில் குதிரையில் துரையே வந்துவிட்டான். "என்னா கங்காணி! ஆள் எங்கே? வேலை எங்கே?" புலித்தோல் சாக்கும் நார்ச் சடையுமாகக் கங்காணி துரைக்கு ஒரு சலாம் வைத்தார். நெற்றிக்கண் வியர்வையில் கரைந்து மூக்கு வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. துரை கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக் காத்துக்கொண்டிருந்தான். எல்லார் கண்ணும் அவர் வாயில்.

"உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான். தீர்க்க சுமங்கலியாக இரு" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்துக் கயிற்றை நீட்டினார்.

வேலாயி வாங்கவில்லை. திரும்பி, கானுக்கு அப்பால் கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்ற பெரியாயியையும் மற்றவர்களையும் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க சாமி. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

கங்காணி சத்தமாகச் சொன்னார். மறுநாள் பெரட்டில் பெரியாயி நெற்றியிலும் பொட்டு இருந்தது.