வெளியே போகாத பந்து

இன்றைக்கும் யாராவது பக்கத்தில் நின்று "விடு!" என்று சத்தமாகச் சொன்னால் என் வலது கை தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. காய்கறிக் கடையில்கூட. என்ன எழவுப் பழக்கம் இது என்று எனக்கே எரிச்சலாக வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரூரில் நாங்கள் ஐந்து பெண்கள் பள்ளிக்காகப் பூப்பந்து ஆடினோம். டிரில் மாஸ்டர் விசிலை ஊதிவிட்டு வேப்பமர நிழலில் கண்ணயர்ந்துவிடுவார். எங்களை ஆட்டக்காரிகள் ஆக்கியது கேப்டன்தான். எல்லோருக்கும் மூத்தவள், நடுவில் நிற்பாள். அவள் தங்கை வலைக்குப் பக்கத்தில் நிற்பாள், பதிமூன்று வயது. நான் பின்கோட்டில்.

கேப்டனின் சட்டம் ஒன்றுதான். பந்து வெளியே போகிறது என்று தெரிந்தால் அவள் "விடு" என்பாள். யாருக்கு வந்த பந்தானாலும் பேட்டை இறக்கிவிட வேண்டும். எனக்கு வாயும் அதிகம், கையும் அதிகம். ஒருநாள் கேட்காமல் அடித்துவிட்டேன்.

"மைதானத்தைச் சுத்துடி" என்றாள்.

ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவளும் பின்னாலேயே ஓடி வருகிறாள்.

"நீ எதுக்கு ஓடுற?"

"நான் சொன்னா நீ நம்பலையே. அது என் தப்புதான?"

அன்றிலிருந்து நம்பினேன். அவள் கண் ஒருமுறையும் பிசகவில்லை. தாவணியோடு ஆடிய எங்களைச் சேலையில் பாதியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று கேலி செய்தவர்கள் எல்லாம் எங்களிடம் தோற்றுப் போனார்கள்.

மாவட்ட இறுதி ஆட்டம் தர்மபுரியில். ஜெயித்தால் தை மாதம் மெட்ராஸில் மாநிலப் போட்டி. அங்கே ஆடிவிட்டால் கேப்டனுக்கு டிரில் டீச்சர் படிப்பில் இடம் கிடைத்த மாதிரிதான். தர்மபுரிக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேப்டன் மெல்லச் சொன்னாள்:

"எங்கப்பா மாமன் வூட்டுக்கு வாக்கு குடுத்துட்டாரு புள்ள. தையில கல்யாணம்."

"மாட்டேன்னு சொல்லு."

"சொன்னேன். ‘நீ மெட்ராசுக்குப் போ, யாரு வேணாங்கறது? அதே முகூர்த்தத்துல சின்னவள உக்கார வெச்சுடறேன்’ங்கறாரு."

முன்சீட்டில் அவள் தங்கை வாயில் கமர்கட்டை ஒதுக்கிக்கொண்டு ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல ஜெயிப்போம், அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

அன்று ஆடியதுபோல் நாங்கள் என்றுமே ஆடியதில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் சமம். அடுத்த பாயிண்ட் எடுப்பவர்களுக்கு மெட்ராஸ். எதிரணிக்காரி ஓங்கி அடித்த பந்து உயரமாக என்னை நோக்கி வந்தது. கோட்டுக்கு நன்றாக உள்ளே விழப்போகிற பந்து. குருடிகூட அடிப்பாள். பேட்டைத் தூக்கினேன்.

"விடு!"

கை இறங்கிவிட்டது. பந்து என் காலடியில் விழுந்து மண்ணைக் கிளப்பியது. நிமிர்ந்து பார்த்தேன். கேப்டன் பந்தைப் பார்க்கவே இல்லை. வலையோரம் நின்ற தங்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது யாரும் அவளைத் திட்டவில்லை. தங்கைதான் தேம்பித் தேம்பி அழுதாள். கேப்டன் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, என்னைப் பார்த்து இல்லை என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நான் திறக்கவில்லை. தையில் கேப்டனுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவி மகள். அந்த அப்பனை நினைத்தால் இப்போதும் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

தங்கை படித்தாள். அக்கா செத்த துக்கத்திலோ என்னவோ, அப்பன் அவளைத் தடுக்கவில்லை. பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் டிரில் டீச்சர் ஆனாள். ஒருமுறை அவள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். பிள்ளைகளிடம் ஒழுங்கு, ஒற்றுமை என்றெல்லாம் அழகாகப் பேசினாள். பிறகு, "எங்க கேப்டன் ரொம்பக் கெட்டிக்காரி. ஆனா முக்கியமான நேரத்துல ஒரே ஒரு பந்தைத் தப்பாக் கணிச்சாங்க, எல்லாம் போச்சு. அதனால யாரு சொன்னாலும் உங்க கண்ணால பந்தைப் பாருங்க" என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

விழா முடிந்து காபி கொண்டுவந்து கொடுத்தவள் கேட்டாள்.

"அக்காவுக்கு அன்னிக்குக் கண்ணு ஏமாத்திடுச்சு, இல்லைங்கக்கா?"

கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ. முகம் மட்டும் அப்படியே அக்கா.

"ஆமாம்மா" என்றேன்.