எடம் விட்டு உக்காருங்க

சாலம்மாளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வேப்பிலையோடு வாசலுக்கு வந்த பேயோட்டியை விளக்குமாற்றால் துரத்தியவள். அவள் தன் வாயால் சொன்னது இது. சொல்லும்போது அவள் பயப்படவில்லை. முகத்தைச் சுளித்தாள். அழுகிய எதையோ தொட்டுவிட்டு, கையை எங்கே கழுவுவது என்று தேடுகிறவள் போல. பயந்த முகத்தை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்த முகத்தைப் பொய்யாக வைத்துக்கொள்ள முடியாது.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன. காரிமங்கலத்தில் இருந்த சாலம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தாய் இல்லை. சேலத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா தீர்த்தனும் சரி என்று சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து வெங்கடாசலம் பெண் கேட்டு வந்தார்.

வெங்கடாசலத்துக்கு நாற்பதை நெருங்கும் வயது. பருத்த உடம்பு. வாயில் எந்நேரமும் வெற்றிலை. சொந்த ஊர் மாறப்பள்ளி. மேட்டூரில் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிப்போன ஊர். அந்த வருஷமே முதல் மனைவி ராமக்காள் வாந்திபேதியில் இறந்துவிட்டாள் என்றார்கள். இப்போது பென்னாகரம் பக்கம் நிலம், வீடு, மாடு எல்லாம் இருந்தது. பெண்ணைப் பார்க்கிறேன் என்று வந்தவர் சாலம்மாளின் இடுப்பைத்தான் பார்த்தார். "படிச்சது பரவால்ல, புள்ள பெத்துக்க ஒடம்பு இருக்குது" என்றார். அதைக் கேட்டதும் சாலம்மாள் புழக்கடைக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள்.

இரண்டாந்தாரம் கட்ட வேண்டுமானால் அவர்கள் குலதெய்வத்திடம் பூ கேட்க வேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது.

"வெள்ளை வந்துட்டா அதுக்கு மேல நான் ஒன்னும் பேச முடியாது சாலா" என்றார் தீர்த்தன்.

"செவப்பு வந்தா?"

"சேலத்துக்குப் போ. நான் தடுக்க மாட்டேன்."

அம்மன் இருந்தது மாறப்பள்ளியில். தரையோடு முளைத்த கல் என்பதால் பெயர்த்து எடுக்க முடியவில்லை. வருஷம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும். சித்திரையில் நீர் வடியும்போது கோயில் மேடு மட்டும் தீவு மாதிரி வெளியே தெரியும். பரிசலில் போய்ப் பூ கேட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்கள். நான்கு பேர். சாலம்மாள், தீர்த்தன், வெங்கடாசலம், அவருடைய அக்கா பாஞ்சாலி.

கரையில் காத்திருந்த பரிசல்காரர் பெயர் மல்லையன். கன்னடம் பேசுகிறவர். வயதானவர், வாயில் பல் இல்லை. மூங்கில் கூடைக்குப் புதிதாக மாட்டுத்தோல் போர்த்தியிருந்தார். அந்தப் பச்சைத் தோல் நாற்றம் தூரத்திலேயே அடித்தது. தோல் உடம்பில் படக்கூடாது என்று பாஞ்சாலி உள்ளே வைக்கோல் பரப்பச் சொன்னாள். கரையெல்லாம் கறுப்புச் சேறு. வாயைத் திறந்தபடி செத்த மீன்கள். வெங்கடாசலம் ஒரு மீனை மிதித்து, செருப்பை மல்லையனின் துண்டில் துடைத்தார். கேட்கக்கூட இல்லை.

எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். மல்லையன் துடுப்பை எடுக்கவில்லை. சாலம்மாள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹெண்... கூத்திதெ, அண்ணா."

பல் இல்லாத வாயில் அந்த வார்த்தையின் கடைசி காற்றோடு போயிற்று. ஆனாலும் சாலம்மாளுக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டில் கன்னடக்காரர்கள். பெண்ணை ஹெண்ணு என்பார்கள். 'பொண்ணு உக்காந்திருக்கு' என்கிறார். உட்காராமல் நின்றுகொண்டா வருவார்கள்?

வெங்கடாசலத்தின் முகம் மாறியது. "வாய மூடிட்டுத் தள்ளு."

கல்யாணப் பெண்ணைப் பற்றிப் பரிசல்காரன் பேசிவிட்ட கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பரிசலுக்கு எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சுற்றும், சாயும். மல்லையன் ஆட்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தார். கடைசியில் சாலம்மாளுக்கும் பாஞ்சாலிக்கும் நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாக நின்றது. பரிசல் தட்டு மாதிரி சமமாக மிதந்தது.

"எதுக்குய்யா இத்தன எடம்?" என்று பாஞ்சாலி அந்த இடத்துக்கு நகர்ந்தாள். பரிசல் சட்டென்று அந்தப் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. பாஞ்சாலி ஒல்லி. குருவி மாதிரி இருப்பாள்.

"எடம் விட்டு உக்காருங்க" என்றார் மல்லையன். 

வெயில் ஏறியது. சுற்றிலும் தண்ணீர். அசைவில்லை, காற்றில்லை. அந்தக் காலி இடத்து வைக்கோல் மட்டும் ஈரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. அது காயவில்லை. ஈரம் கூடிக்கொண்டே போனது.

அப்புறம் அந்த நாற்றம்.

தோல் நாற்றம் இல்லை. மீன் நாற்றமும் இல்லை. புளித்த நாற்றம்... அது சாலம்மாளுக்குத் தெரிந்த நாற்றம். அவள் அம்மா வாந்திபேதியில் கிடந்தபோது பாயைச் சுருட்டிச் சுருட்டிக் கழுவியவள் அவள்தான். அது வலது தோள் பக்கமிருந்து வந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன புள்ள, இப்பவே மசக்கையா?" என்று பாஞ்சாலி சிரித்தாள். வெங்கடாசலமும் சிரித்தார். சிரித்த வாயோடு காலி இடத்துக்கு மேலாக எட்டித் துப்பினார்.

துப்பியது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து, ஈர வைக்கோலின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. மேலே எதன் மீதோ பட்டு வழிந்து இறங்குவது போல... மெதுவாக.

மேலே ஒன்றுமில்லை.

சாலம்மாள் அப்பாவைப் பார்த்தாள். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சி வேளை. மாறப்பள்ளிக்கு மேலே வந்துவிட்டார்கள். தண்ணீருக்கு அடியில் குட்டிச்சுவர்கள் பாசி பிடித்துத் தெரிந்தன. அப்போது கேட்டது.

டொக்... டொக்...

பரிசலுக்கு நேர் கீழே. பித்தளையைத் தரையில் தட்டுகிற சத்தம்.

டொக்...

"என்னங்க அது?" என்றார் தீர்த்தன்.

"பாத்திரம் மெதக்குது" என்றார் வெங்கடாசலம்.

சத்தம் அடியில் கேட்கிறது. மிதக்கிறது என்கிறார். வேர்வை அவர் காது மடலில் நின்று சொட்டியது. மல்லையன் துடுப்பை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேகமாக வலித்தார்.

கோயில் மேடு முழுக்கக் கொழகொழவென்று சேறு. அம்மன் கல்லில் நத்தைகள் ஒட்டியிருந்தன. பாஞ்சாலி மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துப் போட்டாள். சூடம் கொளுத்தினாள்.

"நீயே எடு புள்ள."

சாலம்மாளின் வாழ்க்கை இரண்டு இலைப் பொட்டலமாக அந்தச் சேற்றில் கிடந்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. குனிந்து ஒன்றை எடுத்தாள். பொட்டலம் கனத்தது. பூ இத்தனை கனக்காது.

நூலைப் பிரித்தாள்.

வெள்ளை இல்லை.

சிவப்பும் இல்லை.

ஒரு கொத்து முடி. நீளமான முடி. வழுவழுவென்று பாசி. அதற்குள் ஒரு மெட்டி. கையில் ஒட்டியது. உதறினாள்... விரலைச் சுற்றிக்கொண்டு வந்தது.

தீர்த்தன் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார். அதில் வெள்ளை அரளி இருந்தது.

பாஞ்சாலிக்கு வாய் குழறியது. "ரெண்டுலயும் வெள்ளைதான வெச்சேன்... என் கையால கட்டுனேனே..."

தீர்த்தன் நிமிர்ந்தார். "ரெண்டுலயுமா?"

பாஞ்சாலி தம்பிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

வெங்கடாசலம் மெட்டியையே பார்த்தார். "அக்கா... இது அவ கால்ல இருந்ததுக்கா" என்றார். சின்னப் பிள்ளைக் குரல். பிறகு அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். சிவப்பாக. சாலம்மாள் புடவை நுனியை இழுத்துக்கொண்டு விலகி நின்றாள்.

"என் பொண்ண நான் குடுக்கலீங்க" என்றார் தீர்த்தன். அன்று முழுவதும் அவர் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

திரும்ப வேண்டும். இருப்பது ஒரே பரிசல். ஏறினார்கள். மல்லையன் இந்த முறை யாரையும் மாற்றி உட்கார வைக்கவில்லை. அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே பரிசல் சமமாக நின்றது. சாலம்மாளின் பக்கத்தில் வைக்கோல் காய்ந்திருந்தது.

நாற்றம் இப்போது எதிர்ப்பக்கமிருந்து வந்தது.

வெங்கடாசலம் கழுத்தைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். நிமிரவே இல்லை. தோளில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது...

வழி முழுக்கச் சொட்டியது.

கரை வந்ததும் சாலம்மாள்தான் முதலில் குதித்தாள். பிறகு தீர்த்தன். பிறகு பாஞ்சாலி. பாஞ்சாலி தம்பிக்குக் கை கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினாள். வெங்கடாசலம் மட்டும் உள்ளே இருந்தார்.

மல்லையன் சொன்னார். "ஹெண்... இன்னா இளிதில்ல."

பொண்ணு இன்னும் இறங்கவில்லையாம். சாலம்மாள் அவர் முன்னால்தான் நின்றாள். கிழவருக்குக் கண் தெரியவில்லை போல என்று நினைத்தாள்.

வெங்கடாசலம் இறங்கினார். சேற்றில் முழங்கால் வரை புதைந்தார். காலையில் இதே சேற்றில்தான் நடந்து வந்து ஏறினார். அப்போது கணுக்கால்கூடப் புதையவில்லை. ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து, குனிந்த கழுத்தோடு போனார். மூட்டை சுமக்கிறவர் போல.

முதுகில் மூட்டை இல்லை.

ஆனி பிறப்பதற்கு முன்னால் ஒரு சந்தை நாளில், காரிமங்கலத்தில் மல்லையனைப் பார்த்தாள். கூடை பின்னி விற்றுக்கொண்டிருந்தார். பரிசலைக் கொளுத்திவிட்டாராம். மாறப்பள்ளியில் என்னதான் நடந்தது என்று கேட்டாள். கூடைக்குள்ளே பார்த்தபடி சொன்னார்.

"ஊருக்குள்ள தண்ணி வந்துருச்சு தாயி. கடைசி நடை அவுங்களுதுதான். ஆடு ஏத்துனாங்க. நெல்லு மூட்டை ஏத்துனாங்க. ராமக்கா எல்லி, எங்கேன்னு கேட்டேன். முன்னாடியே வண்டியில போயிட்டான்னாங்க. கொஞ்ச தூரம் வந்துட்டோம். அவுங்க வூட்டுக்குள்ளாற இருந்து சத்தம். செம்பத் தரையில தட்டுற சத்தம். பேதியில குரல் போயிருச்சு போல. திரும்பலாமுன்னேன். பாத்திரம் மெதக்குது, நீ வலின்னாரு. அப்புறமா பாஞ்சாலி அம்மாளே கரையில நின்னு சொல்லிட்டுது. பரிசல்ல எடமில்ல, பொழைக்கவா போறா, விட்டுட்டு வந்தோமுன்னு."

"ஆட்டுக்கு எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

சாலம்மாள் தரையில் துப்பினாள்.  பிறகு, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"நான்தான் மொதல்ல எறங்குனேன். அப்புறம் எதுக்கு ஹெண்ணு எறங்கலைன்னு சொன்னீங்க?"

"ஹெண்ணா?" மல்லையன் தலையைத் தூக்கினார். "நான் உன்னச் சொல்லல தாயி. ஹெண்ணு இல்ல. ஹெண."

"அப்படின்னா?"

"உங்க பேச்சுல, பொணம்."

சந்தைச் சத்தத்துக்கு நடுவே சாலம்மாளுக்கு அந்த முதல் வார்த்தை ஞாபகம் வந்தது. கரையைவிட்டுக் கிளம்புமுன் அவள் பக்கம் பார்த்துச் சொன்னது. கூத்திதெ. உட்கார்ந்திருக்கிறது.

அவளுக்கு வலது பக்கம். தோளோடு தோள் உரச. போகும் வழி முழுக்க.

சாலம்மாள் சேலத்துக்குப் போனாள். டிரெயினிங் முடித்தாள். டீச்சராகவும் ஆனாள். குளிக்கும்போது வலது தோளுக்கு மட்டும் இன்றைக்கும் இரண்டு முறை சோப்புப் போடுகிறாள். அந்த நாற்றம் போய்விட்டதா என்று கேட்டால், முகத்தைச் சுளிக்கிறாள்.