தெரியாத நம்பர்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரி, எங்கள் மகள், அவளோடு இன்ஜினியரிங் படித்த கூனிமேட்டுப் பெண், அந்தப் பெண்ணுக்குத் துணையாக வந்த அவளுடைய அம்மா. டிவி ஸ்டாண்டின் மேல் என் போன் சார்ஜில் கிடந்தது. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

ஐப்பசி மழை. உப்பளம் மொத்தமும் வெள்ளத்தில் கிடந்தது. பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மழை வந்துவிட்டால் மோட்டாரைக் கழற்றி ஷெட்டில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். கூலி கிடையாது. கவலைக்கு மட்டும் லீவு இல்லை.

மகள் படிப்பை முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எலக்ட்ரானிக்ஸ். நான் எட்டாவதோடு நின்றவன், அதனால் அவள் என்ன படித்தாள் என்று யாராவது கேட்டால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அவளோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். இவளுக்கு மட்டும் ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை. தினமும் போனில் எதையோ அனுப்புவாள், மறுநாள் பார்ப்பாள், முகம் சுருங்கும். அதைப் பார்க்க மாட்டாமல் நான் மோட்டார் ஷெட்டுக்குப் போய்விடுவேன்.

கூனிமேட்டுப் பெண் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். "ஒரு நாள் வந்து உன் ரெஸ்யூமையும் புரொபைலையும் பாத்துத் தர்றேன்டி, எங்கயோ தப்பிருக்கு" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்துவிட்டாள். பாயை விரித்து உட்கார்ந்தார்கள். திரையைத் திறந்து இரண்டு நிமிஷம்கூட இருக்காது, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இது ரெஸ்யூமா, ஜாதகமா? உயரம் போட்டிருக்க, நிறம் மாநிறம்னு போட்டிருக்க, கூடப் பொறந்தவங்க யாருமில்லன்னு போட்டிருக்க. நட்சத்திரம் ஒண்ணுதான் பாக்கி."

"மரக்காணம் பிரவுசிங் சென்டர்ல அடிச்சது" என்றாள் மகள். "அந்த அண்ணன் எல்லாருக்கும் அதே ஃபார்மட்ல தான் போடுவாரு."

"கல்யாணத்துக்குப் போடுறதை வேலைக்குப் போட்டுட்டாரு. நல்லவேளை, எந்த கம்பெனிக்காரனும் பொண்ணு பாக்க வரல."

அவளுடைய அம்மாவும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயரமும் நிறமும் போடச் சொல்லி அந்த சென்டர்க்காரரிடம் எடுத்துக் கொடுத்தவனே நான்தான். எதையாவது விட்டுவிட்டால் தள்ளிவிடுவார்களோ என்று பயம்.

அடுத்தது போட்டோ. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் எடுத்ததை வெட்டிப் போட்டிருந்தாள். தோளில் யாருடையதோ வளையல் போட்ட கை மட்டும் தெரிந்தது. அந்தப் பெண் மகளைச் சுவரோரம் நிற்கவைத்துப் புதிதாக ஒன்று எடுத்தாள். நான் மெதுவாகக் கேட்டேன்.

"போட்டோ போட்டே ஆகணுமாம்மா? யார் யாரோ பாப்பாங்களே."

"பாக்கத்தானே அங்கிள் போடுறோம்!"

வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். என் வீட்டுக்காரி, "ஒரு எடத்துல உக்காருங்க, தரை தேயுது" என்றாள்.

உள்ளே அவர்கள் ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டிருந்தார்கள். கடினமாக உழைப்பவள், சீக்கிரம் கற்றுக்கொள்பவள் என்று இங்கிலீஷில் இருந்ததை எல்லாம் அந்தப் பெண் தூக்கினாள். "இத உலகத்துல எல்லாரும் போடுறாங்கடி. நீ மட்டும் செஞ்சது ஒண்ணு சொல்லு. ஃபைனல் இயர் புராஜெக்ட் எங்க? இதுல ஒரு வரிகூட இல்ல?"

மகள் என்னைப் பார்த்தாள். அதுவும் என் வேலைதான். பாத்தியில் தண்ணீர் இறங்கினால் போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டி செய்திருந்தாள். எங்கள் அளத்திலேயே குச்சி நட்டுக் கட்டி, கோடை முழுக்க ஓட்டிப் பார்த்தாள். மெசேஜ் என் போனுக்குத்தான் வரும். நான் மோட்டாரைப் போடுவேன். ரெஸ்யூமில் உப்பளம் என்று எழுதினால் கூலிக்காரன் வீட்டுப் பெண் என்று மட்டமாக நினைப்பார்கள் என்று நான்தான் அதை எடுக்கச் சொன்னேன்.

"இதத்தான் மொதல்ல போடணும்" என்றாள் கூனிமேட்டுப் பெண். "எல்லாரும் கடையில வாங்கின புராஜெக்ட் வெச்சிருக்காங்க. நீ உப்புத் தண்ணியில ஒரு சம்மர் ஓட்டியிருக்க. எது துரு பிடிச்சுது, எதை மாத்தின, எல்லாத்தையும் எழுது."

மகள் எழுதத் தொடங்கினாள். அவ்வளவு வேகமாக அவள் தட்டி நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. டீ போடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"ஏன்டி, இது உன் நம்பர் இல்லையே?"

"அப்பா நம்பர். பொம்பளப் பிள்ள நம்பர் நெட்ல இருக்க வேணாம்னு சொன்னாரு."

"சரி. அப்போ அங்கிள்தான் சொல்லணும். கம்பெனியிலருந்து கால் எதுவும் வந்துச்சா அங்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "இவரா? தெரியாத நம்பர் வந்தா போனைத் தலகாணிக்கடியில வெச்சு மேல உக்காந்துப்பாரு."

அது உண்மை. படிப்புக்கு வாங்கின பேங்க் லோனுக்குத் தவணை ஆரம்பித்துவிட்டிருந்தது. நான்கைந்து கட்டினேன், பிறகு முடியவில்லை. அவர்கள் ஒரே நம்பரிலிருந்து கூப்பிடுவதில்லை, தினம் ஒரு புது நம்பர். முதல் தடவை எடுத்தபோது, கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று ஒருத்தர் கேட்ட குரல் ரொம்ப நாள் காதிலேயே இருந்தது. அதற்குப் பிறகு பேர் இல்லாமல் எது அடித்தாலும் கட் பண்ணி பிளாக்கில் போடுவேன். சென்னை நம்பராக இருந்தால் அடித்து முடிவதற்குள்ளேயே போட்டுவிடுவேன். சில நாள் ராத்திரி படுப்பதற்கு முன்னால் அந்த லிஸ்ட்டைத் திறந்து பார்ப்பேன், எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்களா என்று.

பிளாக்கில் போடுவதை மட்டும் அவர்களிடம் சொன்னேன். அந்தப் பெண் போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கி லிஸ்ட்டைத் திறந்தாள். விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. யாருடைய நம்பர் என்று காட்டுகிற ஆப் அவளிடம் இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். லோன். லோன். இன்சூரன்ஸ். லோன். பிறகு நிறுத்தினாள்.

"இது சென்னைப் பக்கம் ஒரகடத்துல ஒரு கம்பெனி. எச்.ஆர்." கொஞ்சம் கீழே போனாள். "இதுவும்."

மகள் என் போனை வாங்கிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்கு மட்டும் யாரும் கூப்பிடலன்னு நெனச்சேன்பா" என்றாள். "நான்தான் லாயக்கில்லன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

கூனிமேட்டு அம்மாதான் முதலில் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க ஏன் அப்படி நிக்கிறீங்க, உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு துபாய்ல இருந்து கூப்பிட்டப்போ நான் ராங் நம்பர்னு வெச்சிருக்கேன். எல்லாம் நடக்கறதுதான். நாளைக்கு பிஸ்மில்லா சொல்லி நீயே அந்த நம்பருக்குப் பேசும்மா."

"இதுல இப்ப என்ன நம்பர் போடட்டும்?" என்று அவள் மகள் என்னிடம் கேட்டாள்.

என் மகள் பதில் சொன்னாள், என் பக்கம் திரும்பாமல். "என் நம்பரைப் போடு."

யார் யார் கூப்பிடுவார்களோ, என்னென்ன பேசுவார்களோ. ஆனால் அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருந்தது?

மறுநாள் அவள் ஒரகடத்துக்குப் பேசினாள். அந்த எச்.ஆர். அம்மா, பல தடவை முயற்சி செய்தோம், அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, புது ரெஸ்யூமை அனுப்பி வையுங்கள் என்றாராம். அதற்குப் பிறகு அவள் போன் அடிக்கும்போதெல்லாம் நான் கதவோரம் போய் நின்றேன். பாதி நேரம் கோர்ஸ் சேரச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் வேலைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள், அவளே திட்டி வைத்தாள். நான் பயந்தது எல்லாம் வந்தது. அவள்தான் பயப்படவில்லை.

தை முடியும்போது, அடுத்த உப்புக்காகப் பாத்திகளைத் திரும்ப மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில், அதே ஒரகடத்திலிருந்து கூப்பிட்டார்கள். இன்டர்வியூவில் பாதி நேரம் உப்புத் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்களாம். அந்தப் பெட்டியில் எது துரு பிடித்தது என்று கேட்ட ஒருத்தர், வேறு எதுவும் கேட்கவே இல்லையாம். டிரெய்னியாக எடுத்துக்கொண்டார்கள். ஹாஸ்டல் பாதுகாப்பாக இருக்குமா, பஸ் எத்தனை மணி வரைக்கும் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்ட அன்று மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்து அந்த லிஸ்ட்டைத் திறந்தேன். முதலில் வந்த பேங்க் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்தேன். நானே கூப்பிட்டேன்.

எடுத்தவர் என் பேரையும் லோன் நம்பரையும் கேட்டுவிட்டு, "நீங்களா கூப்பிடுறீங்க?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"ஆமாங்க. பொண்ணுக்கு வேலை கெடச்சிருக்குது. கட்டிடுறோம். எவ்ளோ இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

இத்தனை நாளும் அந்தத் தொகையை நான் முழுதாகக் கேட்டதே இல்லை, அதற்குள் வைத்துவிடுவேன். இந்தத் தடவை காதிலிருந்து போனை எடுக்கவில்லை. வட்டியோடு சேர்த்து, மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.