ஒலிபெருக்கியில் ஒரு பெயர்

ஜூலி வத்தேகமவிலுள்ள தன் வீட்டுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகள் கூடிக்கொண்டே போயின. பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியொன்றில் அவள் சப் வார்டன். வாசலோரம் ஓர் அறையும் சமைக்கக் குசினியும் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கும்வரை அவளும் உள்ளே இருக்கவேண்டும்.

"கல்யாணம் கட்டினது விடுதியவா, என்னையவா?" என்று வத்தேகமவிலிருந்து புருஷன் றொட்னி போனில் கேட்பான். "பேசாம கன்னியர் மடத்துல சேந்திருக்கலாம். அங்க பூசையாவது கெடைக்கும்."

இந்த முறை அவளைக் கட்டிப்போட்டது ஒரு பிள்ளைமேல் அவள் வைத்த அன்புதான்.

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த முதலாம் வருடப் பிள்ளை சுதர்சினி. சீனியர்கள் சாப்பிட்டு எழும்பும்வரை முதலாம் வருடப் பிள்ளைகள் சாப்பாட்டறைச் சுவரோரம் நிற்கவேண்டும் என்பது ராகிங் என்கிற பகிடிவதையில் ஒரு வகை. அப்படி நின்று நின்று, அவள் சாப்பிட வருவதையே விட்டிருந்தாள். ஜூலிக்கு மனம் கேட்கவில்லை. ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்துவிட்டு, பெற்றோர் வந்தால் பிள்ளைகளை அழைக்கும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள்.

"சுதர்சினி, சப் வார்டன் ரூமுக்கு வாங்க."

வந்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"ஏன் மிஸ் மைக்குல கூப்ட்டீங்க? நான் கோள் சொல்லிட்டேன்னு நெனப்பாங்க."

ரொட்டியைத் தொடாமல் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவளோடு யாரும் பேசவில்லை. சேர்ந்து உடுப்புத் துவைத்த பிள்ளைகள் வேறு குழாய்க்குப் போனார்கள். ஜூலி மாணவர் நலப் பிரிவுக்குப் போய் அதிகாரி சந்திரகுமாரிடம் சொன்னாள். நல்ல மனிதர்தான்.

"பிள்ளை வந்து முறைப்பாடு குடுத்தா விசாரிக்கலாம், மிஸ்."

"உங்க ஒபிஸ், கன்டீனுக்கு நேர் எதிர்ல இருக்கு சேர். இந்தப் படியில ஏறின பிள்ளைய ஊரே பாக்கும்."

"கட்டடத்த நானா கட்டினேன்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சுதர்சினி வீட்டுக்குப் போகக் கேட்டு வந்தாள். பையிலிருந்து போர்வையின் ஓரம் எட்டிப்பார்த்தது.

"போர்வை எதுக்கு?"

"வீட்ல குளிர், மிஸ்."

திங்கட்கிழமை திரும்பி வருகிறவள் போர்வை கொண்டுபோக மாட்டாள்.

"பஸ் நாளைக்கும் ஓடும். இன்னைக்கு ஒரு ராத்திரி இருங்க," என்றாள் ஜூலி.

அன்று பின்னேரமே ஒலிபெருக்கியில் இன்னொரு பெயர் கேட்டது. ஜஹானா. சீனியர்களில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"என்னத்துக்கு மிஸ் கூப்பிட்ட? நான் ஒண்டும் செய்யல்லயே."

"ஒன்னுமில்ல. டீ குடிங்க."

ஜஹானா கதிரை நுனியில் கோப்பையோடு இருந்தாள். வெளியே நடைபாதையில் காலடிகள் வந்து நின்றன.

"வெளிய போய் நான் என்னண்டு சொல்ற?"

"டீ குடிச்சேன்னு சொல்லுங்க. அதையே சுதர்சினி சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா?"

டீ ஆடை கட்டிற்று.

அதற்குப் பின் அன்றே இன்னும் சில பெயர்கள். மறுநாளும் அப்படியே. சீனியர், ஜூனியர் என்று பார்க்காமல் அறை அறையாகக் கூப்பிட்டாள். எல்லோரும் போய்வந்த அறைக்குள் யார் கோள் சொன்னது என்று யாருக்கும் பிடிபடவில்லை. சுதர்சினி பசறைக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பினாள், போர்வையோடு. குழாயடியில் ஒருத்தி மட்டும் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விட்டாள். சாப்பாட்டறைச் சுவரோரம் பிள்ளைகள் இன்னமும் நிற்கத்தான் செய்தார்கள்.

ஆனால் ஜூலியால் நிறுத்த முடியவில்லை. ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி சும்மா இருந்துவிட்டால், அடுத்துக் கூப்பிடப்படுகிறவள் கோள் சொன்னவளாகிவிடுவாள்.

"இந்த ஞாயிறாவது?" என்றான் றொட்னி.

"இல்லங்க. பிள்ளைங்களுக்கு டீ போடணும்."

போனை வைத்துவிட்டு, கேத்தலை அடுப்பில் ஏற்றி, ஒலிபெருக்கியை முடுக்கினாள்.