பாலத்தடியில் நாயும் நானும்

மாலை நாலு இருபதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே வாழ்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்ப்போம். நானும் ஓடினேன். தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"புகை இல்ல டீச்சர். கம்பெனில புது வெடி போட்டுப் பாக்காக" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

நிம்மதியாகத் திரும்பினால் கேட் திறந்து கிடக்கிறது. நாயைக் காணோம்.

அது என் மகளின் நாய். ஆறாம் வகுப்பில் புத்தகப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. இப்போது முகமெல்லாம் நரை. மகள் வெளியூரில் பெண்கள் சிறையில் வார்டர். போன் செய்தால் நாய் சாப்பிட்டதா, தூங்கியதா என்று கேட்டு முடித்து, நேரம் மிஞ்சினால் என்னை விசாரிப்பாள். அன்று லீவில் வந்துகொண்டிருந்தாள்.

ஆமத்தூர் ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தடியில் நாயைக் கண்டுபிடித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மிரண்டு மறுபக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம் ஏறினால் லோடு லாரிகள் பறக்கிற ரோடு. அதே ரோட்டில் வரும் பஸ்ஸில் இருந்த மகளுக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னேன்.

"கூப்பிடாதம்மா. உள்ள போயி, முதுகைக் காட்டிச் சும்மா உக்காரு."

"யாரு சொன்னா?"

"எங்க ஜெயில்ல கைதிகள்ட்ட நாய் வளக்க விட்டிருக்கோம்ல. பயந்த குட்டிகள அந்த அக்காமாரு அப்படித்தான் பழக்குதாக."

"பிள்ளைகள மேச்சே வயசானவளுக்கு ஜெயில்லருந்து பாடமா?"

"ஒன் பள்ளிக்கூடத்துல கேட்டைப் பூட்டிருவாகம்மா. அதான் யாரும் ஓடல."

பள்ளிக்குக் கட்டிய சேலையோடு காய்ந்த சேற்றில் போய் உட்கார்ந்தேன். வகுப்பில்கூட அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. லாரி போகும்போதெல்லாம் தலைக்கு மேல் பாலம் அதிர்ந்தது. ஒரு லாரி கடந்தபோது முதுகில் ஏதோ பட்டது. நாய் என்மேல் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே நடுங்கினோம். நான் எழுந்தால் ஓடிவிடுமோ என்று எழவும் தைரியமில்லை.

பிறகு மேலே ஒரு பஸ் நின்றது. செருப்புச் சத்தம் கேட்டதும் வால் என் முதுகில் அடிக்க ஆரம்பித்தது. மகள் சரிவில் இறங்கி வந்து உட்கார்ந்தாள். நாய் ஊர்ந்து போய் அவள் மடியில் முகத்தைப் புதைத்தது. அதைத் தடவிக்கொண்டே குனிந்து என்னைப் பார்த்தாள்.

"இது வெடிக்குப் பயந்து வந்துச்சு. நீ யாருக்கும்மா பயந்து இங்கன ஒளிஞ்சிருக்க?"