சின்னம்மா குறைத்த விளையாட்டுச் சாமான்கள்

கூடத்தின் நடுவில் சின்னம்மா ஒரு பழைய சேலையை விரித்தார். என்னையும் தம்பிமார் இருவரையும் கூப்பிட்டு, வீட்டிலுள்ள விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அதில் கொண்டுவந்து போடச் சொன்னார். கட்டிலுக்கு அடியிலிருந்தும் அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்தும் அவை வந்து சேர்ந்தன. கண்மூடித் திறக்கும் பொம்மை, சாவி முறுக்கினால் துள்ளும் தகரத் தவளை, சக்கரம் கழன்ற கார்கள், பாதி தொலைந்துபோன வண்ணக் கட்டைகள். அத்தனையும் ஜேர்மனியிலிருந்து அப்பா அனுப்பியவை. ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒரு பொதியைக் கொடுத்துவிடுவார். அவர் போனபோது தம்பிமார் மிகச் சிறியவர்கள். அவருடைய முகம் அவர்களுக்கு நினைவில்லை. அந்தச் சாமான்களைத்தான் அப்பா என்று அறிந்திருந்தார்கள்.

உடுவிலில் எங்கள் வீட்டில் அம்மாவும் அவருடைய தங்கையான சின்னம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும்தான். சின்னம்மா முன்பு கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது, உடுத்த சேலையைத் தவிர அவரிடம் ஒன்றும் இருக்கவில்லையாம். அதன் பிறகு எதையும் அவர் முழுதாக நம்பியதில்லை. அமைதியான நாட்களில்தான் அவருக்குச் சந்தேகம் கூடும். குண்டுச் சத்தம் கேட்காத கிழமைகளில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து, "உது நல்லதுக்கில்லை, அக்கா" என்பார்.

அன்று ஆளுக்கு அரிசி புடைக்கிற ஒரு சுளகைத் தந்து, அதில் கொள்ளுகிறதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். மிச்சத்தைச் சேலையோடு சேர்த்து முடிந்தார்.

"பள்ளிக்கூடத்திலை இடம்பெயர்ந்து வந்திருக்கிற பிள்ளையளுக்குக் குடுக்கப்போறன். வீடும் கூட்ட ஏலாமல் கிடக்கு."

அம்மாவும் தலையாட்டினார். காலில் எதுவும் இடறாமல் நடக்க முடிந்ததில் அவருக்கு நிம்மதிதான். ஆனால் சில வாரங்களில் சின்னம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை சுளகும் இல்லை. "கையிலை பிடிக்கிறதை மட்டும் வச்சிருங்கோ" என்றார். தம்பிமாரில் சின்னவன் ஒரு காரை இறுகப் பிடித்துக்கொண்டு தவளைக்காக அழுது தீர்த்தான்.

இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளில் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அவளிடம் மெல்லக் கேட்டேன். "விளையாட்டுச் சாமானோ? எங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை" என்றாள். பள்ளிக்கூட விறாந்தையில் அந்தப் பிள்ளைகள் புளியங்கொட்டைகளை வைத்துத்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து சின்னம்மாவைக் கவனிக்கத் தொடங்கினேன். அவருடைய அலுமாரி எப்போதும் பூட்டியிருந்தது. மத்தியானங்களில் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். ஒருநாள் சாத்திய கதவுக்குப் பின்னால் தவளையின் சாவி முறுக்குப்படும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா உடனே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குசினியில் இருந்த சீனிப் போத்தலைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். சீனி கிடைக்காத காலம் அது. தேத்தண்ணி போடப் போன சின்னம்மா போத்தல் இருந்த தட்டு வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தார், வெறும் தேத்தண்ணியைக் குடித்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பெண்கள் ஒருவர் காலடியை ஒருவர் காதுகொடுத்துக் கேட்கும் நிலை வந்துவிட்டது. கடைசியில் ஒரு பின்னேரம் அம்மா பொறுமையிழந்து அந்த அறைக்குள் போனார். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

"அலுமாரியைத் திற."

"ஏன் அக்கா?"

"திற எண்டு சொல்லுறன். அந்த மனுசன் குளிருக்கை கிடந்து உழைச்சு அனுப்பினது. பிள்ளையளின்ரை சாமானை எடுத்து ஆருக்குக் குடுக்கிறாய்?"

சின்னம்மா திறந்தார். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் உள்ளே இருந்தன. கட்டைகள் நிறம் நிறமாக அடுக்கப்பட்டிருந்தன. கழன்ற சக்கரங்களை நூலால் கட்டியிருந்தார். என் பொம்மைக்குத் தலைவாரிப் பின்னல் போட்டு, தன் பழைய இரவிக்கைத் துணியில் சட்டை தைத்து உடுத்தியிருந்தார்.

"பிறகேன் குடுத்திட்டன் எண்டு பொய் சொன்னனீ?"

"வச்சிருக்கிறன் எண்டால் ஒவ்வொரு நாளும் கேப்பினம், அக்கா. போயிட்டுது எண்டால் அழுதுபோட்டு விட்டிடுவினம். கப்பலிலை ஒரு பிள்ளை தன்ரை கரடிப் பொம்மையைக் கேட்டு வழி முழுக்கக் கத்தினது. தாய் அதுக்கு அடிச்சவ. எங்கடை பிள்ளையளும் ஒருநாள் உப்பிடி வெளிக்கிட வேண்டிவரும். அதுக்கு முதல் பழகட்டும்."

"வாயைப் பொத்தடி! நாங்கள் எங்கை போறது?"

ஆனாலும் அம்மா அந்தச் சாமான்களைத் திருப்பிக் கேட்கவில்லை. பொம்மையின் சட்டை ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிவிட்டு வெளியே வந்தார். சீனிப் போத்தலும் குசினிக்குத் திரும்பவில்லை. எனக்கும் சந்தேகம் தீரவில்லை, இன்றுவரை தீரவில்லை. பிள்ளைகளைப் பழக்குவதற்காக எடுத்து வைத்தவர் பொம்மைக்கு ஏன் தலைவார வேண்டும்? எங்களுக்காக மறைத்தாரா, தனக்காகச் சேர்த்தாரா? ஊரைவிட்டுப் போன பிறகு அந்த அலுமாரி எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. கேட்பதற்குச் சின்னம்மாவும் இப்போது இல்லை.

தொண்ணூற்றைந்தில், மழை பிடித்திருந்த ஒரு பொழுதில், இராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் வீடுகளை விட்டு உடனே தென்மராட்சிக்குப் போகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதையோ கேட்டுக் கத்துவது மதிலைத் தாண்டிக் கேட்டது. நாங்கள் மூவரும் கையில் ஆளுக்கொன்றோடு வாசல் படலையடியில் நின்றோம். எங்களில் யாரும் அழவில்லை. அம்மாதான் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தார். கூறைச்சேலையை எடுத்தார், வைத்தார். சுவர்ப் படத்தைக் கழற்றினார், மாட்டினார். சின்னம்மா எதிலும் கைவைக்காமல் விறாந்தையில் ஒதுங்கி நின்றார். தொட்டால் மறுபடியும் என்ன நினைப்பார்களோ என்று பயந்திருப்பார்.

கடைசியில் அம்மா குத்துவிளக்கை மடியில் வைத்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீயே சொல்லடி, எதை விடுறது?"

சின்னம்மா உள்ளே வந்தார். குத்துவிளக்கை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தார்.

"உதை விடுங்கோ, அக்கா. அரிசியை எடுங்கோ."

அம்மா எழுந்துபோய் அரிசியை எடுத்தார்.